தெலுங்கு தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?

அந்தக் கேள்வியை டாக்டரம்மா உரக்கக்கூடக் கேட்கவில்லை. கதவைப் பாதி திறந்து, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த எங்கள் எல்லோரையும் பொதுவாகப் பார்த்து, "தெலுங்கு தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?" என்றார். எனக்குத் தெரியும். என் வீட்டில் பேசுவதே தெலுங்குதான். அம்மா தாலாட்டியது, பாட்டி திட்டியது, அப்பா வேலை முடிந்து வந்து புலம்பியது எல்லாம் அந்த மொழியில்தான். நான் தலையைக் குனிந்து போனைப் பார்த்தேன். திரையில் ஒன்றும் இல்லை, போன் அணைந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. அந்த ஒரு நிமிடம் இன்னும் என்னை விட்டபாடில்லை. பலமுறை எழுத உட்கார்ந்து விட்டுவிட்டேன். இப்போது எழுதக் காரணம், அந்தப் பையனே "எழுதுங்கக்கா" என்று சொன்னதுதான். அவன் அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன். எந்த ஆஸ்பத்திரி என்பதும் வேண்டாம். வடசென்னையில் ஓர் அரசு ஆஸ்பத்திரி, மனநலப் பிரிவின் புறநோயாளிகள் வராந்தா, அவ்வளவு போதும்.

நான் அங்கே போனது எனக்காக. தூக்கம் வராமல் ஒரு வருடம் அல்லாடிவிட்டு, தனியாக ஓபி சீட்டு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். வீட்டில் கண் டாக்டரிடம் போவதாகச் சொல்லியிருந்தேன். எங்கள் பக்கத்தில் மனநல மருத்துவம் என்றாலே 'கீழ்ப்பாக்கம்'தான். 1794-ல் தொடங்கிய ஒரு மருத்துவமனை, இன்றைக்கும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வைத்தியம் பார்க்கிற இடம், அது இருக்கிற ஊரின் பெயரையே நாங்கள் வசவாக்கி வைத்திருக்கிறோம். "கீழ்ப்பாக்கம் கேசு" என்று ஒருவனைச் சொல்லிவிட்டால் அத்தோடு அவன் பேச்சு எடுபடாது. அதனால் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் எல்லோருமே கொஞ்சம் மறைந்துதான் உட்கார்ந்திருப்போம். தெரிந்த முகம் வந்தால் தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொள்வோம்.

எனக்கு முன்னால் இருந்த சீட்டு ஒரு அம்மாவுக்கும் பையனுக்கும். பையனுக்குப் பதினேழு வயது, பிளஸ் டூ. அம்மா காண்ட்ராக்டில் துப்புரவு வேலை. விடியற்காலை வேலையை முடித்துவிட்டு அப்படியே வந்திருந்தார் போல, கைப்பையில் கையுறை எட்டிப் பார்த்தது. பெஞ்சில் உட்கார்ந்ததும் சுவரில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். பக்கத்தில் குழந்தை அழுகிறது, வார்டு பாய் பெயர் கூப்பிடுகிறார், அவர் அசையவில்லை. பையன்தான் முழங்கையால் தட்டி எழுப்பினான். "அம்மா, லெய்" என்றான், மெதுவாக, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காத குரலில். எனக்குக் கேட்டது. அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். நானும் வெளியிடத்தில் அம்மாவிடம் அப்படித்தான் பேசுவேன்.

டாக்டரம்மா கேட்டதற்கு யாரும் பதில் சொல்லாததால் பையனே சொன்னான்: "பரவாயில்ல மேடம், எனக்கு ரெண்டும் தெரியும். நானே சொல்றேன்." அந்த அம்மாவுக்குத் தமிழே தெரியாது என்றில்லை. நாயுடுப்பேட்டைப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து இருபது வருடம் ஆகிறது. காய் வாங்குவார், ஷேர் ஆட்டோவில் சண்டை போடுவார், சூப்பர்வைசரிடம் லீவு கேட்பார். அந்தத் தமிழ் வேறு. "இவனுக்கு எப்போலேர்ந்து எதிலயும் ஈடுபாடு இல்லாம இருக்கு?" என்ற தமிழ் வேறு.

கதவு சரியாக மூடாத கதவு. நான் எல்லாவற்றையும் கேட்டேன். டாக்டர் அம்மாவிடம் கேட்கிறார், பையன் அதைத் தெலுங்கில் அம்மாவுக்குச் சொல்கிறான், அம்மா நீளமாகப் பேசுகிறார், பையன் அதைத் தமிழில் டாக்டருக்குச் சுருக்குகிறான். அம்மா சொன்னது: நாலு மாதமாக ராத்திரியில் எழுந்து கீழே தண்ணீர் டேங்க் மேடையில் போய்த் தனியாக உட்காருகிறான், கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை, பிரெண்டுகளைப் பார்ப்பதில்லை, "வாடிகி பெங்க பட்டுகுந்தி." பையன் சொன்னது: "சரியா சாப்பிடறதில்லன்னு சொல்றாங்க மேடம்."

அப்புறம் டாக்டர் அவனிடமே நேராகக் கேட்டார். வாழ்ந்து என்ன என்று எப்போதாவது தோன்றியிருக்கிறதா என்று. அவன் தமிழில், அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, "சில நேரம் தோணும் மேடம்" என்றான். குரல் மாறவே இல்லை, பஸ் நம்பர் சொல்வதுபோல் சொன்னான். டாக்டர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அம்மாகிட்ட சொல்லு. உன்னைத் தனியா விடக் கூடாது, யாராவது கூடவே இருக்கணும், பத்து நாள்ல திரும்பக் கூட்டிட்டு வரணும்" என்றார். அவன் அம்மா பக்கம் திரும்பி, "மாத்ரலு தப்பகுண்டா வேஸுகோமண்டுன்னாரு" என்றான். மாத்திரையைத் தவறாமல் போடச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். அடுத்து என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

பஸ்ஸில் பேசாத மொழி

நான் ஏன் பேசவில்லை என்பதை நிறைய யோசித்திருக்கிறேன். பயமா, சோம்பலா, அடுத்தவர் விஷயம் என்ற தயக்கமா. எல்லாம் கொஞ்சம் இருந்தது. ஆனால் அடியில் இருந்தது பழக்கம். நான் புளியந்தோப்பில் பிறந்து வளர்ந்தவள். தாத்தா நெல்லூர் பக்கத்திலிருந்து நகரத்தின் குப்பை அள்ள வந்தவர். தனி ஆந்திரம் கேட்டவர்கள் 'மதராஸ் மனதே', மெட்ராஸ் நமதே என்று கோஷம் போட்ட காலத்தில் அவர் இங்கேதான் தெருப் பெருக்கிக்கொண்டிருந்தார். பொட்டி ஸ்ரீராமுலு மயிலாப்பூரில் உண்ணாவிரதமிருந்து 1952 டிசம்பரில் இறந்ததும், அடுத்த ஆண்டு அக்டோபர் 1-ல் ஆந்திரம் பிரிந்ததும் தாத்தாவின் வேலையில் எந்த மாற்றத்தையும் கொண்டுவரவில்லை. அதே தெரு, அதே துடைப்பம். மெட்ராஸ் யாருக்கு என்ற கேள்வியை யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.

எனக்கு ஆறேழு வயது இருக்கும்போது அப்பா சொன்ன முதல் உலக அறிவு இதுதான்: "பஸ்ஸுல ஏறினா தெலுங்குல பேசாத." அப்போது காரணம் புரியவில்லை. தெலுங்கு இந்த ஊரில் வெட்கப்பட வேண்டிய மொழி ஒன்றும் இல்லையே. சவுகார்பேட்டை, ஜார்ஜ் டவுன் பக்கம் கடை வைத்திருப்பவர்கள் தாராளமாகத் தெலுங்கில் பேசுகிறார்கள். கீர்த்தனைகள் பல தெலுங்கில்தான். பெரம்பூரில் என்னோடு படித்த ஒருத்தியின் வீட்டில் "நாங்க வீட்ல தெலுகு" என்று பெருமையாகவே சொல்வார்கள். ஆனால் புளியந்தோப்பிலிருந்து வருகிறவள் தெலுங்கு பேசினால் அதற்கு அர்த்தம் வேறு. எங்கள் இழுவையைக் கேட்ட உடனே அப்பா என்ன வேலை செய்கிறார், நாங்கள் என்ன சாதி என்று தெரிந்துவிடும். அப்பா மறைக்கச் சொன்னது மொழியை இல்லை.

அதனால் எங்களில் பலபேருக்கு இரண்டு பக்கமும் இடி. இங்கே ஸ்கூலில் "கொல்டி". லீவுக்கு நெல்லூர் பக்கம் போனால் சித்தி பிள்ளைகள் "அரவம் பேசறா" என்று சிரிப்பார்கள். அரவம் என்றால் அங்கே தமிழ். அவர்களுக்கு நாங்கள் பேசும் தெலுங்கில் பாதி தமிழ். நாங்கள் யாரும் தெலுங்கு எழுத்தைப் பார்த்ததுகூட இல்லை. அந்த மொழி எங்களுக்குக் காதிலும் வாயிலும் மட்டும் இருக்கிறது. அதில் ஒரு கடிதம் வந்தால் படிக்கத் தெரியாது, ஒரு நோட்டில் மனசில் இருப்பதை எழுதி வைக்க முடியாது.

மொழிச் சிறுபான்மையினர் என்று பேச்சு வந்தால் எப்போதும் பரீட்சையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பள்ளியில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கி 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டம் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கொரு வகுப்பாக ஏறி 2015-16-ல் பத்தாம் வகுப்புக்கு வந்தது. தெலுங்கு, உருது என்று வேறு மொழிகளில் படித்த பிள்ளைகளுக்காக விலக்குக் கேட்டு வழக்குகள் நடந்தன. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வருடத் தேர்வுக்கு விலக்குக் கொடுத்தது. அந்தப் பிள்ளைகளின் கஷ்டம் உண்மையானது. ஆனால் எங்கள் வகையறாப் பிள்ளைகள் அந்த வழக்கில் எந்தப் பக்கமும் இல்லை. நாங்கள் தமிழில்தான் படித்தோம், தமிழில்தான் மார்க் வாங்கினோம். இதையும் தமிழில்தான் எழுதுகிறேன், இதைவிட நெருக்கமான எழுத்து எனக்கு வேறு இல்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் தெலுங்கைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் சுமார் 42 லட்சம் பேர். அதில் எங்களைப்போல் வீட்டுக்குள் மட்டும் அதைப் பேசி, வெளியே வந்ததும் விழுங்கிவிடுகிற பிள்ளைகள் எத்தனை பேர் என்று எந்தக் கணக்கும் சொல்லாது.

விழுங்கிப் பழகியவர்களுக்கு ஒன்று நடக்கிறது. முதலில் மொழியை மறைக்கிறோம். பிறகு அந்த மொழியில் இருக்கிற எல்லாவற்றையும் மறைக்கிறோம். அழுகை அந்த மொழியில் இருக்கிறது. பயம் அந்த மொழியில் இருக்கிறது. நான் டாக்டரிடம் என் தூக்கத்தைப் பற்றித் தமிழில் சொல்லும்போது எனக்கே அது யாரோ ஒருத்தியின் கதை மாதிரி இருந்தது. "தூக்கம் வரமாட்டேங்குது டாக்டர்." அது புகார். "நித்ர ராவட்லேது" என்று சொல்லியிருந்தால் அழுதிருப்பேன்.

பெங்க

அந்த அம்மா சொன்ன வார்த்தைக்கு வருகிறேன். பெங்க. இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று எட்டு மாதமாகத் தேடுகிறேன். கவலை என்று சொல்லலாம், போதாது. ஏக்கம் கிட்ட வருகிறது. அம்மா வேலைக்குப் போய்விட்டால் குழந்தை காய்ச்சலில் விழுமே, அது பெங்க. பேரன் வரவில்லை என்று பாட்டி சாப்பாட்டைக் குறைப்பாளே, அதுவும் பெங்க. நம் பாட்டிகள் "புள்ள ஏங்கிப் போச்சு" என்பார்களே, அந்த ஏக்கம். எங்கள் வீடுகளில் இதை நோய் என்றும் சொல்ல மாட்டார்கள், நோய் இல்லை என்றும் சொல்ல மாட்டார்கள். பெங்க பிடித்தவனைத் தனியாக விடக்கூடாது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். டாக்டர் தமிழில் சொன்ன அதே விஷயம். இரண்டு பெண்களும் ஒரே விஷயத்தை அவரவர் மொழியில் சரியாகச் சொல்லிவிட்டார்கள், நடுவில் உட்கார்ந்திருந்தவன் இரண்டையும் அடுத்தவருக்குக் கொடுக்காமல் தன்னிடமே வைத்துக்கொண்டான்.

2015-16-ல் எடுத்த தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுக்குள் இருப்பவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகச் சொன்னது. நூறு பேர் படிக்கிற இடத்தில் ஏழு பேர். அவர்களில் தன் நோய்க்குத் தானே மொழிபெயர்ப்பாளனாக உட்காருகிறவன் நிலைமை தனி. எங்கள் பிள்ளைகள் சின்ன வயதிலேயே அந்த வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். ரேஷன் கடை, வங்கி, பேரன்ட்ஸ் மீட்டிங், கரண்ட் பில் ஆபீஸ் எல்லா இடத்திலும் அம்மாவின் வாய் அவன்தான். பத்து வயதிலேயே பெரியவர்கள் பேச்சில் எதைச் சொல்லலாம், எதை மறைத்தால் அம்மா அழாமல் இருப்பாள் என்று கற்றுக்கொண்டுவிடுகிறான். கெட்டிக்காரப் பிள்ளை என்று தெருவே மெச்சும். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் அன்றைக்கு அந்த அறையில் அவனுக்கு எதிராக வேலை செய்தது.

பின்னால் நான் தேடிப் படித்தேன். 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் 22-ஆம் பிரிவு, சிகிச்சை பற்றிய தகவலை நோயாளிக்கும் அவர் நியமித்த பிரதிநிதிக்கும் புரிகிற மொழியில், புரிகிற விதத்தில் கொடுக்க வேண்டும் என்கிறது. சட்டம் இருக்கிறது. டாக்டரம்மாவும் தன்னால் முடிந்ததைச் செய்தார். வெளியே இருநூறு பேர் காத்திருக்க, எழுந்து வந்து கதவைத் திறந்து கேட்டார். பதில் சொல்ல ஆள் இருந்தேன், சொல்லவில்லை.

மாத்திரை கொடுக்கிற ஜன்னல்

என் முறை ஐந்து நிமிடத்தில் முடிந்தது. நான் என்ன பேசினேன் என்று நினைவில்லை. வெளியே வந்து பார்த்தால் மாத்திரை வரிசையில் அந்தப் பையன் நிற்கிறான். அம்மா தள்ளி, படிக்கட்டில், மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டு. நான் அவன் பின்னால் போய் நின்றேன். வரிசை நகர்கிறது. ஐந்து பேர், நாலு பேர். இரண்டாவது ஆளாக வந்தபோது என் வாயிலிருந்து, பொது இடத்தில், முன்பின் தெரியாத ஒருவனிடம், நினைவு தெரிந்து முதல் தடவையாக அந்த மொழி வந்தது. "தம்முடு, டாக்டரம்மா செப்பிந்தி அதி காது கதா?" தம்பி, டாக்டரம்மா சொன்னது அது இல்லையே?

அவன் திரும்பிப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது. முதலில் முகம் வெளுத்தது. "மீகு தெலுகு வச்சா அக்கா?" என்றான். அக்கா என்ற வார்த்தை இரண்டு மொழியிலும் ஒன்றுதான், அது எங்கள் இருவருக்கும் கொஞ்சம் உதவியது. அடுத்து சொன்னது: "அம்மாகு செப்பொத்து." அம்மாவிடம் சொல்லாதே.

நான் ஓடிப்போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றுதான் பின்னால் வந்து நின்றிருந்தேன். அவன் அப்படிச் சொன்னதும்தான் இன்னொன்று உறைத்தது. ஒற்றை அறை வீட்டில் ஐந்து பேர் படுக்கிற குடும்பம். அவனுக்குக் கதவு சாத்திக்கொள்ள ஓர் அறை கிடையாது. அம்மாவுக்குப் புரியாத தமிழ்தான் அவனுடைய அறை. "சில நேரம் தோணும்" என்று அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து அவனால் சொல்ல முடிந்ததே அந்த அறைக்குள் இருந்ததால்தான். தெலுங்கு தெரிந்த டாக்டராக இருந்திருந்தால் அதைச் சொல்லியிருப்பானா? எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கு வரை அடங்காமல் இருக்கிற கேள்வி இதுதான். அவனவன் மொழியில் டாக்டர் வேண்டும் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அவனவனுக்குத் தனியாகப் பேச ஓர் அறையும் வேண்டும், மொழி மட்டுமே சுவராக இருக்கக் கூடாது.

நான் அவனிடம் சொன்னது இவ்வளவுதான்: நீ டாக்டரிடம் சொன்னது உன்னுடையது, அதை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். ஆனால் டாக்டர் அம்மாவுக்குச் சொன்னது அம்மாவுடையது, அது அவருக்குப் போய்ச் சேர வேண்டும். நீ சொல்ல வேண்டாம், நான் சொல்கிறேன், நீ பக்கத்தில் நில்லு. அவன் மாத்திரைக் கவரை மடித்து மடித்துச் சின்னதாக ஆக்கினான். ரொம்ப நேரம் கழித்து "சரி" என்றான். தமிழில்.

ஓபி முடிகிற நேரம் வரை காத்திருந்தோம். டாக்டரம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது போய் நின்றேன். "எனக்குத் தெலுங்கு தெரியும் டாக்டர். காலையில கேட்டீங்க, நான் சொல்லல" என்றேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை, பையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் திரும்ப உட்கார்ந்தார். முதலில் பையனிடம் தனியாகப் பேசினார். பிறகு எங்களைக் கூப்பிட்டு அதையே மறுபடி சொன்னார். நான் சொல் சொல்லாக அம்மாவுக்குச் சொன்னேன். என் தெலுங்கு அந்த இடத்தில் தடுக்கியது, நடுவே தமிழ் விழுந்தது. ஆனால் "வாண்ணி ஒண்டரிகா வதலொத்து" என்பதைத் தெளிவாகச் சொன்னேன். அவனைத் தனியாக விடாதீர்கள்.

அந்த அம்மா அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. "நாகு தெலுசு" என்றார். எனக்குத் தெரியும். "வாடு டாங்கி தக்கர கூர்ச்சுண்டே நேனு மெட்ல மீத கூர்ச்சுண்டானு." அவன் டேங்க் பக்கத்தில் உட்கார்ந்தால் நான் படிக்கட்டில் உட்கார்ந்துகொள்வேன். நாலு மாதமாக, ராத்திரி ராத்திரி, இருட்டில், அவனுக்குத் தெரியாமல். நாலு மணிக்கு அங்கிருந்து எழுந்து நேராக வேலைக்கு. காலையில் பெஞ்சில் விழுந்த தூக்கம் எங்கிருந்து வந்தது என்று அப்போது புரிந்தது. பையனுக்கும் அது அப்போதுதான் தெரியும். அவன் அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான், நான் அதையும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும் என்பதுபோல.

டாக்டரம்மா "என்ன சொல்றாங்க?" என்று கேட்டார். நான் சொன்னேன். பெங்க என்ற வார்த்தையையும் சொன்னேன். எப்படி எழுதுவது என்று கேட்டார். எங்கள் மூன்று பேருக்கும் தெலுங்கு எழுதத் தெரியாது. ஒலியைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டு, சீட்டின் ஓரத்தில் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டார்.

அன்றைக்கே அவர் பையனிடம் 14416 என்ற எண்ணைக் குறித்துக் கொடுத்தார். 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச மனநல எண், இருபது மொழிகளில் பேசலாம், நம் ஊரில் 'நட்புடன் உங்களோடு' என்று பெயர். ராத்திரி எந்த நேரத்திலும் கூப்பிடலாம். இதைப் படிக்கிறவர்களில் யாராவது அந்த டேங்க் மேடையிலோ படிக்கட்டிலோ உட்கார்ந்திருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அவன் இரண்டு தடவை பேசியதாகச் சொன்னான். எந்த மொழியில் என்று நான் கேட்கவில்லை.

அவனுக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத முடியாது. பிளஸ் டூவில் ஒரு பேப்பர் போய்விட்டது, திரும்ப எழுதினான். நடுவில் ஒரு மாதம் மாத்திரையை நிறுத்திவிட்டான், அதில் கொஞ்சம் பின்னால் போனான். ரிவ்யூவுக்கு நாங்கள் ஒரே நாளில் தேதி வாங்கிக்கொள்கிறோம். அவனிடம் டாக்டர் தனியாகப் பேசுவார், அப்போது நான் வெளியே. அம்மாவைக் கூப்பிடும்போது நான் உள்ளே. வீட்டில் என் விஷயத்தையும் சொல்லிவிட்டேன். அப்பா இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம் "தூக்கம் வருதா" என்று மட்டும் கேட்க ஆரம்பித்தார்.

போன தடவை அந்த அம்மா பெஞ்சில் தூங்கவில்லை. முந்தானையில் முடிந்து வைத்திருந்த கடலையை எனக்கும் கொடுத்து, எல்லோருக்கும் கேட்கிற குரலில் பேசிக்கொண்டிருந்தார். "மீதே ஊரம்மா?" என்றார். புளியந்தோப்பு என்றேன். "அதி காது, அசலு ஊரு." அது இல்லை, சொந்த ஊர். எனக்குத் தெரியவில்லை. நெல்லூர் பக்கம் என்பதோடு சரி, ஊர்ப் பெயரை நான் கேட்டுக்கொண்டதே இல்லை. அங்கேயே அப்பாவுக்குப் போன் போட்டேன். "நானா, மனதி ஏ ஊரு?" என்று கேட்டேன். அப்பா, நமக்கு எந்த ஊர்? அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "எங்கருந்து பேசற?" என்றார் தமிழில். ஆஸ்பத்திரி, பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன் என்றேன், தெலுங்கிலேயே. பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்களா என்று கேட்டார். இருக்கிறார்கள் என்றேன். அதன் பிறகு ஊர்ப் பெயரைச் சொன்னார், அங்கே ஏரிக்கரையில் ஒரு புளியமரம் உண்டு என்றும் சொன்னார், தெலுங்கில். நான் அந்த அம்மாவிடம் பெயரைச் சொன்னேன். அது அவர் ஊரிலிருந்து நாலு கிலோமீட்டர்தானாம்.